உலர் எடை

ஷீபா குவைத்துக்குப் போகும்போது
ஒரு குக்கர், இரண்டு தலையணை,
ஐந்து தட்டு அடுக்கிய இந்த உலர்த்தியை விட்டுப்போனாள்.
"ராத்திரி போட்டுட்டுத் தூங்கு,
காலையில முறுக்கு மாதிரி உடையும்."
நான் தூங்குவது பகலில்.
அதற்குள் மறந்துவிட்டாள்.

புதுப்பாளையத்து மொட்டைமாடிச் சாவி வீட்டுக்காரரிடம்.
கேட்டால் தருவார், எதற்கு என்று கேட்டுவிட்டு.
உப்புக்கண்டத்துக்கு என்று எப்படிச் சொல்ல,
சுத்த சைவம் என்றுதான் வீடு பிடித்திருந்தேன்.
ஆகவே அறைக்குள்ளேயே ஒரு வெயில்,
முந்நூற்றைம்பது வாட்,
காக்கை வராத வெயில்.

முதலில் பாகற்காய்.
பிறகு மோரில் ஊறிய சுண்டைக்காய்,
துளைவழி மோர் சொட்டி அடித்தட்டு கருகி
மூன்று நாள் நாறியது.
ஆட்டுத்தொடை அரைக்கிலோவை விரல் பருமனுக்கு வார்ந்து
மஞ்சளும் உப்பும் பிசறி எழுபது டிகிரியில் வைத்த அன்று
கதவிடுக்கில் ஈரத்துணி திணித்து
சாம்பிராணி போட்டேன்.
படியில் எதிர்ப்பட்ட வீட்டுக்காரர்
"வாராவாரம் பூஜையா, நல்லது" என்றார்.

ஆனி மாதம், ஒரு செவ்வாய்.
காடாம்புலியூரிலிருந்து தனகோட்டி
மடியில் பலாப்பழத்தோடு பஸ்ஸில் வந்தார்.
கண்டக்டர் அதற்கும் டிக்கெட் போட்டாராம்.
ராத்திரி எட்டு மணி முறை அவருடையது,
முதல் பஸ் வரும்வரை வராந்தாவில் படுத்திருப்பார்.
டயாலிசிஸ் கூடத்து எடைமேடையில்
பழத்தை ஏற்றினோம்: பதினொன்று அறுநூறு.
அவரை ஏற்றினோம்: ஐம்பத்துநான்கு நானூறு.
அவருடைய உலர் எடை ஐம்பத்திரண்டு.
இது எங்கள் கூடத்துச் சொல், சமையல் சொல் இல்லை.
குடித்து ஊறியதெல்லாம் போக
ஆள் என்று மிஞ்சுவது.

"மூணு மரம் நிக்குது,
ஒரு சொளை திங்க உடமாட்டேங்கிறீங்க.
நீயாவது தின்னு சிஸ்டரு."
பொட்டாசியம்.
ஒரு சுளை, ஒரு இளநீர் போதும்
இதயம் நடுவழியில் நின்றுவிட என்று
படம் வரைந்து சொன்னவளே நான்தான்.

கையில் எண்ணெய் தடவி, பிசின் இழுக்க இழுக்க
சுளை பிரித்து, கொட்டை நீக்கி, நீளவாக்கில் கீறி
இரண்டு கிலோ.
அறுபது டிகிரி.
மாலை ஐந்துக்குப் போட்டுவிட்டு டியூட்டிக்குப் போய்
காலை ஏழுக்கு வந்து நிறுத்தபோது
ஐந்நூற்றுப் பத்து கிராம்.

மீதி?
ஜன்னல் கண்ணாடியில் வழிந்திருந்தது.
தலையணை உறையில், கொடியில் கிடந்த யூனிஃபார்மில்,
சுவர்க் காலண்டரின் சுருண்ட ஓரத்தில்,
ஒன்றரைக் கிலோ பலா கண்ணுக்குத் தெரியாமல்
அறை முழுக்க உட்கார்ந்திருந்தது.
அதை மூச்சில் இழுத்தபடி சாயங்காலம்வரை தூங்கினேன்.
நாங்கள் எடுக்கும் தண்ணீர்
குழாய்வழி சாக்கடைக்குப் போகிறது.
அதற்கு வாசனை கிடையாது.

வெள்ளிக்கிழமை ஒரே ஒரு கீற்றைக்
காகிதத்தில் மடித்துக் கொண்டுபோனேன்.
தின்னக்கூடாது என்றேன்.
காய்ந்தால் இன்னும் மோசம்,
தண்ணீர்தான் போகும், பொட்டாசியம் போகாது.
"தெரியும் சிஸ்டரு. மோந்துதான் பாக்கப்போறேன்."
சட்டைப்பையில் போட்டுக்கொண்டே மேடையில் ஏறினார்.
எண் மாறவில்லை.

ஊசி குத்தாத வலது கைக்குள் அதை மூடிக்கொண்டு
நான்கு மணி நேரம் படுத்திருந்தார்.
அவ்வப்போது முஷ்டி மூக்கருகே போய்த் திரும்பியது.
பக்கத்துக் கட்டில் செபஸ்தியம்மாள்
"இங்க குடு கொஞ்சம்" என்று கேட்டு
கண்ணை மூடி முகர்ந்துவிட்டுக் கொடுத்தாள்.

முதல் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது
என் மேஜையில் வைத்தார்.
"பாத்துக்கோ. முழுசா இருக்கு."
இருந்தது.
ஆனால் ஒடியும் பதத்தில் கொண்டுபோனது
இப்போது வளைந்தது.
அந்த உள்ளங்கையிலிருந்து எவ்வளவோ குடித்திருந்தது,
சார்ட்டில் ஏறாத தண்ணீர்.

வீட்டுக்கு வந்து அதை மட்டும்
கீழ்த்தட்டில் வைத்து மூடினேன்.
கையுறை போடாமல் எதையும் தொடாதவள்,
திறந்து எடுத்துத்
தின்றேன்.
லேசாக உப்புக் கரித்தது.